மேல் குழாயில் வந்த எண்ணெய்

வாடிப்பட்டியில் மதுரை பஸ் ஏறியதிலிருந்து அந்தப் பிளாஸ்டிக் ஜாடியை ஜாய்ஸ் மடியை விட்டு இறக்கவில்லை.

"என்ன பாப்பா, ஊறுகாயா?" என்றார் கண்டக்டர்.

"இரும்பு உருக்குற ஊது உலைண்ணே. சிம்மக்கல்ல அறிவியல் கண்காட்சி."

"இம்புட்டூண்டு ஜாடியிலயா?"

பஸ்ஸே சிரித்தது. பக்கத்தில் எண்ணெய் பாட்டிலோடு உட்கார்ந்திருந்த முத்துமீனாவும் சிரித்தாள். இருவரும் பத்தாம் வகுப்பு. இன்று முதலிடம் கிடைத்தால் சென்னைப் போட்டிக்குப் போகலாம். ரயிலில் ஜன்னல் சீட்டு தனக்குத்தான் என்று ஜாய்ஸ் இப்போதே சொல்லி வைத்திருந்தாள்.

உலைக்குள் கரியிலிருந்து பிறக்கும் கார்பன் மோனாக்சைடு, தாதுவிலிருக்கும் ஆக்சிஜனைப் பிடுங்கிக்கொள்ளும். மிஞ்சும் இரும்பு உருகி இறங்கும். சுண்ணாம்பு, தாதுவின் மணலோடு சேர்ந்து கசடாகும். இரண்டும் வெளியேற ஜாடியில் இரண்டு குழாய்கள். மேல் குழாயில் 'இரும்பு', கீழ்க் குழாயில் 'கசடு' என்று ஜாய்ஸ் பெயிண்டில் பட்டையாக எழுதியிருந்தாள். இரும்புக்குச் சிவப்புத் தண்ணீர், கசடுக்கு எண்ணெய்.

"புக்குல கசடு லேசுன்னு போட்டிருக்கே, அதுதான மேல வரணும்?" என்று எழுதிய அன்றைக்கே முத்துமீனா கேட்டாள்.

"நாலு சைட்ல படம் பாத்தேன்டி. நாலும் பொய் சொல்லுமா?"

ஊற்றிப் பார்த்துவிடலாம் என்றாள் முத்துமீனா. எண்ணெய் விற்கிற விலையில் அதற்கு வீட்டில் விடவில்லை.

கண்காட்சி மண்டபத்தில் மேசை போட்டு, தண்ணீரையும் எண்ணெயையும் ஊற்றி, ஜாய்ஸ் மேல் குழாயைத் திறந்தாள். எண்ணெய் வந்தது. மூடித் திறந்தாள். மறுபடியும் எண்ணெய். குச்சியை விட்டுக் கலக்கினாள். கொஞ்ச நேரத்தில் எண்ணெய் பழையபடி மேலே போய் உட்கார்ந்துகொண்டது.

"எம்புட்டு கலக்குனாலும் இறங்காதுடி. எண்ணெய் நெட்டு பாக்குறதில்ல," என்றாள் முத்துமீனா.

ஜாய்ஸ் போனை எடுத்து நான்கு படங்களையும் வரிசையாகத் தள்ளினாள். நான்கிலும் அதே அம்புக்குறி, அதே இடத்தில் கோணலாக இருந்தது. "அய்யோ, எல்லாம் ஒரே படம்டி!"

நடுவர் சவரியப்பன் சார் இரண்டு மேசை தள்ளி நின்றார். பெயிண்டைச் சுரண்டியும் வரவில்லை.

"துணியப் போட்டு மூடிருவோமா?"

"மூடுனா கேள்வி கேப்பாங்க. நாமளே கேட்டுருவோம்," என்றாள் முத்துமீனா.

ஓர் அட்டையில் எழுதி வைத்தார்கள்: 'இதில் ஒரு தப்பு இருக்கிறது. குழாயைத் திறந்து கண்டுபிடியுங்கள்.'

பிள்ளைகள் மொய்த்துவிட்டார்கள். சவரியப்பன் சாரும் வரிசையில் நின்று திறந்து பார்த்துச் சிரித்தார். "பிரமாதமான யோசனை. வேணும்னேதான மாத்தி எழுதுனீங்க?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஜாய்ஸ் அதைச் சொல்லவில்லை.

"இல்ல சார், தெரியாமத்தான் எழுதுனேன். நாலு பேரு சொல்றாங்களேன்னு நம்பிட்டேன். ஒருத்தர் போட்ட தப்பத்தான் நாலு பேரும் அப்பிடியே எடுத்துப் போட்டிருக்காங்க. நெட்டுல எத்தன எடத்துல இருக்குன்னு எண்ணிப் பிரயோஜனம் இல்ல சார். புக்கோட ஒத்துப் பாக்கணும், முடிஞ்சா செஞ்சும் பாக்கணும்."

"அத அப்பிடியே அட்டையில எழுதி வைம்மா," என்றார் அவர்.

சாயங்காலம் முதலிடத்துக்கு இவர்கள் பெயரைப் படித்தபோது ஜாய்ஸ் முத்துமீனாவின் காதருகே குனிந்தாள்.

"ஜன்னல் சீட்டு ஒனக்குத்தான்டி."