ஏழாம் அறையில் கவுன்சிலிங்

இயற்பியல் மிஸ் மடித்துக் கொடுத்த துண்டுத்தாளில் ஒரே வரிதான் இருந்தது. இரண்டாம் ஆண்டு ஆனந்தி, வியாழன் பதினோரு மணி, ஏழாம் அறை, கவுன்சிலிங்.

விடுதியில் அவளோடு தங்கியிருந்த, பள்ளங்கி ஊர்க்காரி வேலுத்தாய் அதை வாங்கி இரண்டு தடவை படித்தாள்.

"கவுன்சிலிங்னா சீட்டுக் குடுக்குறதுதானடி. ஒனக்குத்தான் சீட்டு இருக்குல்ல?"

"ஆமா."

"அப்பப் புடுங்கத்தான் கூப்புடுறாக. மூணு பரீட்சையில வெறும் பேப்பரக் குடுத்தா மாலையா போடுவாக?"

ஆனந்திக்கு அது சரியென்றே பட்டது. பெரியப்பா மகன் மகேந்திரன் இன்ஜினியரிங் கவுன்சிலிங்குக்குச் சென்னை போய், ஒரு காகிதம் குறைந்து, சீட்டு இல்லாமல் திரும்பியவன். இப்போது வட்டக்கானலில் டூரிஸ்டுகளின் போர்வைகளைத் துவைக்கிறான். அவர்கள் வீட்டில் அந்தச் சொல்லுக்கு வேறு பொருள் கிடையாது.

வியாழக்கிழமை அம்மா ஞானம்மா பூண்டுக் காட்டு வேலையை விட்டுவிட்டு வந்தாள். பையில் அசல்கள் எல்லாம் இருந்தன. மதிப்பெண் பட்டியல்கள், சாதிச் சான்றிதழ், தாத்தா காலத்தில் இலங்கையிலிருந்து கப்பலேறி வந்தபோது அரசாங்கம் கொடுத்த குடும்ப அட்டை. ஒவ்வொன்றுக்கும் மூன்று ஜெராக்ஸ்.

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு புள்ள. எதுலயும் கையெழுத்துப் போட்டுராத."

ஏழாம் அறை, விளையாட்டுச் சாமான்கள் வைக்கும் அறைக்குப் பக்கத்தில் இருந்தது. உள்ளே இருந்தவர் தமிழ்மதி. திண்டுக்கல்லிலிருந்து வியாழன்தோறும் வருகிறவர். அம்மாவை வராந்தாவில் விட்டுப் போன ஆனந்தி, மேசையில் காகிதங்களை வரிசையாக அடுக்கினாள்.

"இதெல்லாம் எதுக்கும்மா?"

"ஒரிஜினல் மேடம். சரிபாக்க."

தமிழ்மதி பார்த்தார், தொடவில்லை. தொடாததுதான் ஆனந்தியைப் பயமுறுத்தியது. ஏற்கெனவே முடிவெடுத்துவிட்டார்கள் போல.

"இங்க படிக்கிறது புடிச்சிருக்கா?"

இல்லை என்றால், அவளாகவே விலகியதாக எழுதிக்கொள்வார்கள்.

"புடிச்சிருக்கு."

"வீட்டு ஞாபகம் வருதா?"

"வரல."

"சாப்பாடு, தூக்கம்?"

"விடுதி மேல ஒரு கம்ப்ளைண்டும் இல்ல மேடம்."

தமிழ்மதி காகிதங்களையும் அவளையும் மாறிமாறிப் பார்த்தார். "சீட்ட எடுத்துருவாங்கன்னு நெனச்சா வந்த?"

ஆனந்தி காகிதங்களின் ஓரத்தைத் தட்டிச் சரிசெய்தாள்.

"இது அந்தக் கவுன்சிலிங் இல்லம்மா. மனசு சரியில்லன்னா வந்து பேசுற எடம். நீ சொல்றது பிரின்சிபாலுக்குப் போகாது, வார்டனுக்குப் போகாது, வெளிய இருக்காங்களே ஒங்கம்மா, அவங்களுக்கும் போகாது. யாரு உயிருக்காவது ஆபத்துன்னா மட்டும் சொல்லுவேன். அதையும் ஒங்கிட்ட சொல்லிட்டுத்தான். புடிக்கலன்னா அடுத்த வாரம் வராத."

"வரலைன்னா சீட்டு?"

"சீட்டு ஒன்னோடது."

"எழுதிக் குடுங்க."

தமிழ்மதி சிரிக்கவில்லை. ஒரு தாளில் அப்படியே எழுதிக் கையெழுத்திட்டு நீட்டினார். ஆனந்தி மெதுவாகப் படித்தாள். பின்பக்கத்தையும் திருப்பிப் பார்த்தாள்.

"சீல் இல்லையே மேடம்."

"ஆபீஸ்ல இருக்கு. வாங்கிட்டு வர்றேன். ஆனா எதுக்குன்னு கேப்பாங்க, படிச்சுப் பாத்துட்டுத்தான் குத்துவாங்க. இப்ப நீ இங்க வந்தது ஒங்கம்மாவையும் மிஸ்ஸயும் தவிர யாருக்கும் தெரியாது. என்ன செய்யட்டும், நீயே சொல்லு."

சீல் இல்லாத காகிதத்தை ஆனந்தியின் குடும்பத்தில் யாரும் நம்பியதில்லை. சீல் இருந்தால் சீட்டு உறுதி. ஆனால் ஆபீஸில் ஒருவருக்குத் தெரிந்தால் சாயங்காலத்துக்குள் கடைத்தெருவுக்குத் தெரியும். சன்னலுக்கு வெளியே மேகம் இறங்கியிருந்தது. வராந்தாவில் அம்மா காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ஆனந்தி எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள்.

"சீல் வேணாம்," என்றாள்.

திரும்பி வந்து உட்கார்ந்து, மேசையில் இருந்த காகிதங்களை ஒவ்வொன்றாக எடுத்து மடியில் அடுக்கிக்கொண்டாள்.

"பிரசவத்துக்குத் தொணைக்கு வான்னு அக்கா விடுதிக்குப் போன் பண்ணுச்சு. பரீட்சை இருக்கு, வர முடியாதுன்னு சொல்லிட்டேன். அந்தப் பிரசவத்துலதான் செத்துச்சு." குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. "அது என்னயக் கூப்புட்டது அம்மாவுக்குத் தெரியாது."