தேரிக்காட்டு டயர்

தொண்ணூற்று நாலாம் வருடம் ஆனி மாதத்தில் குமரகுருபரனுக்கு ராதாபுரத்திலிருந்து அம்பாசமுத்திரத்துக்கு மாற்றல் வந்தது. கால்நடை ஆய்வாளர் வேலை. ஊர்க்காரர்கள் வாயில் அவர் மாட்டு டாக்டர். மாட்டுக்குச் சினை ஊசி போடுவது, கன்று ஈனும்போது சிக்கல் வந்தால் கையை விட்டு எடுப்பது, கோமாரிக்குத் தடுப்பூசி போடுவது என்று இருபத்தாறு வருடமாக ஓடிக்கொண்டிருந்தவர். ஐம்பது வயது ஆகியிருந்தது. பனைமரமும் உடைமுள்ளுமாகக் கிடந்த காட்டிலிருந்து வாய்க்காலும் வயலுமான ஊருக்குப் போகிறீரே, கொடுத்து வைத்தவர் என்று ராதாபுரத்தில் எல்லோரும் சொல்லி அனுப்பினார்கள். அவருக்கும் அப்படித்தான் தோன்றியது. மனைவி பிரம்மநாயகிக்கு ஆற்றுத் தண்ணீர் கிடைக்கிறதே என்பதில் தனிச் சந்தோஷம்.

அவருடைய ராஜ்தூத் வண்டியும் கூடவே வந்தது. அதில் கிடந்த டயர் இரண்டும் அவரே பார்த்துப் பொறுக்கி மாட்டியவை. கட்டை கட்டையாகப் பித்தான் வைத்த கனத்த டயர்கள். ராதாபுரத்துச் செம்மணல் தேரியில் புதையாமல் இழுத்துக்கொண்டு போகும். உடைமுள் குத்தினாலும் உள்ளே இறங்காது. ஐந்தாறு வருடத்தில் இரண்டே தடவைதான் பஞ்சர். மற்ற ஆய்வாளர்கள் வழியில் வண்டியைத் தள்ளிக்கொண்டு நிற்கும்போது, அவர் மட்டும் நிற்காமல் போவார். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

ஆவணி வரைக்கும் ஒரு குறையும் இல்லை. ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டதும்தான் ஆரம்பித்தது.

முதல் தடவை கல்லிடைக்குறிச்சிப் பாலம் தாண்டி வளைவில். கார் நெல் அறுவடை முடிந்து ரோட்டில் பரப்பிய வைக்கோல் மழையில் ஊறிக் கிடந்தது. அதன்மேல் ஏறினதுதான் தெரியும். வண்டி ஒரு பக்கம் போக அவர் ஒரு பக்கம் கிடந்தார். வைக்கோல்தானே காரணம் என்று துடைத்துக்கொண்டு எழுந்துவிட்டார். ஒரு வாரம் கழித்துப் பிரம்மதேசம் போகும் ரோட்டில் விழுந்தபோது வைக்கோல் இல்லை. நனைந்த தார் மட்டும்தான். எதிரே வந்த சைக்கிளுக்காகப் பிரேக்கைத் தொட்டார், பின்சக்கரம் விலகிக்கொண்டு போய்விட்டது. முழங்கையில் தோல் உரிந்தது.

மூன்றாவதுதான் மானத்தை வாங்கியது. விக்கிரமசிங்கபுரத்தில் மில் வேலை விட்டு ஆட்கள் வருகிற நேரம், நல்ல தூறல். வண்டியின் பக்கவாட்டில் சினை ஊசி மருந்து வைக்கிற குளிர் கேனைக் கட்டியிருந்தார். பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் மெதுவாகத்தான் திரும்பினார். அப்படியும் முன்சக்கரம் வழுக்கிவிட்டது. கேன் உருண்டு மூடி கழன்று, உள்ளே இருந்த குளிர்த் திரவம் ரோட்டில் கொட்டி வெள்ளைப் புகையாகக் கிளம்பியது. ஆசிட் என்று நினைத்துச் சனம் சிதறி ஓடியது. புகை அடங்கும் வரை அவரைத் தூக்க யாரும் கிட்டே வரவில்லை. புகைக்கு நடுவில் ஒற்றைக் காலை வண்டிக்கு அடியில் கொடுத்துக்கொண்டு அவர் அப்படியே கிடந்தார்.

அன்றிலிருந்து வண்டி ஓட்டுகிற தன் கையின்மேல் அவருக்கு நம்பிக்கை போயிற்று. மழை மேகத்தைப் பார்த்தாலே தோள்பட்டை இறுகிக்கொள்ளும். வண்டியில் ஏறினால் இரண்டு காலையும் தொங்கப்போட்டு, தரையைத் தடவிக்கொண்டே போவார். வளைவு வந்தால் இறங்கித் தள்ளிவிடலாமா என்றிருக்கும். சைக்கிள்காரர்கள் அவரைத் தாண்டிப் போனார்கள். வயதாகிவிட்டது, அவ்வளவுதான் என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். சர்க்கரை இருக்குமோ என்று பிரம்மநாயகி கட்டாயப்படுத்திச் சோதிக்க வைத்தாள். இல்லை என்றார்கள். கண்ணைப் பார்த்தார்கள். அதுவும் நன்றாகத்தான் இருந்தது. ஒன்றும் இல்லை என்று ஒவ்வொருவராகச் சொல்லச் சொல்ல அவருக்கு இன்னும் சோர்வாக இருந்தது. ஏதாவது இருந்திருந்தால் மாத்திரையாவது சாப்பிட்டிருக்கலாம்.

அந்த நிலையில்தான் சிங்கம்பட்டியிலிருந்து ஆள் வந்தது. உலகம்மாள் என்று ஒரு பெண், புருஷன் இல்லாதவள், ஒரே ஒரு கறவை மாட்டை வைத்துப் பிழைப்பவள். விடியற்காலையிலிருந்து மாடு முக்குகிறது, கன்று வெளியே வரவில்லை என்று சொல்லி அனுப்பியிருந்தாள். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. வந்த ஆளை முன்னால் அனுப்பிவிட்டு, குமரகுருபரன் வண்டிச் சாவியைக் கையில் எடுத்தார். வாசல் வரைக்கும் போனார். திரும்பி வந்து சாவியை ஆணியில் மாட்டிவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார்.

கல்லிடைக்குறிச்சி வரை ஒரு பஸ். அங்கே இறங்கி அடுத்த பஸ்ஸுக்கு முக்கால் மணி நேரம் நின்றார். வண்டியில் போயிருந்தால் அரை மணியில் போய்ச் சேரக்கூடிய இடத்துக்கு அவர் போனபோது இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. கன்றின் தலை பின்பக்கமாகத் திரும்பிக் கிடந்தது. கையை விட்டதுமே உயிர் இல்லை என்று தெரிந்துவிட்டது. எப்படியோ வெளியே எடுத்தார். மாடு அதன்பிறகு எழுந்திருக்கவே இல்லை. உச்சிப்பொழுதில் அதுவும் போயிற்று.

உலகம்மாள் அழவில்லை. அவர் கை கழுவ வெந்நீர் ஊற்றினாள். வண்டி எங்கே என்று கேட்டாள். பஸ்ஸில் வந்தேன் என்றார்.

"கீழ விழுந்தீயன்னு சொன்னாவ," என்றாள் அவள். "ஒங்களுக்கும் பயம் இருக்கும்லா. நீங்க என்ன செய்வீய."

ஏசியிருந்தால் தாங்கியிருப்பார். திரும்பி வருகிற வழியெல்லாம் அந்தச் சொல் கூடவே வந்தது. வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துக்கொண்டார். மறுநாள் பிரம்மநாயகியிடம், விருப்ப ஓய்வுக்கு எழுதிக் கொடுத்துவிடப் போவதாகவும் அதற்கு முன்னால் வண்டியை விற்றுவிடப் போவதாகவும் சொன்னார். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை. யோசித்துச் செய்யுங்கள் என்று மட்டும் சொன்னாள்.

இரண்டு நாள் வெயில் அடித்தது. ரோடு காய்ந்ததும் வண்டியை எடுத்துக்கொண்டு திருநெல்வேலிக்குப் புறப்பட்டார். வண்ணார்பேட்டையில் தாஜ் முகம்மது என்று ஒருவர் டயர் கடை வைத்திருந்தார். பழைய வண்டிகளும் வாங்கி விற்பார். குமரகுருபரனுக்குப் பதினைந்து வருடப் பழக்கம். போய்ச் சேரும்போது மறுபடி தூற ஆரம்பித்துவிட்டது. வண்டியை விற்க வந்ததாகச் சொன்னார். காரணத்தைச் சொல்லவில்லை. சொல்லக் கூச்சமாக இருந்தது.

தாஜ் முகம்மது வண்டியைச் சுற்றி வந்து பார்த்தார். எஞ்சின் சத்தத்தைக் கேட்டார். ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லித் தூறலிலேயே கொக்கிரகுளம் பக்கம் போனார். ஐந்து நிமிடத்தில் வரவேண்டியவர் கால் மணி கழித்துத்தான் வந்தார், அதுவும் மெதுவாக. வேட்டியில் ஒரு பக்கம் முழங்கால் வரை சேறு தெறித்திருந்தது. தாஜ் முகம்மது நாற்பது வருடமாக வண்டி ஓட்டுகிறவர்.

"அண்ணாச்சி, இதை எப்படி ஓட்டுதீய?" என்றார் இறங்கியதும். "ஒரு ஆட்டோக்காரன் குறுக்க வந்தான். பிரேக்கைத் தொட்டேன், அவ்வளவுதான். காலை ஊனலைன்னா நான் இப்ப ரோட்டுல கிடப்பேன்."

தாஜ் முகம்மது குனிந்து டயரில் கட்டைவிரல் நகத்தை அழுத்தினார். நகம் இறங்கவில்லை. பித்தான்களின் அடியில் பொடிப்பொடியாக வெடிப்பு ஓடியிருப்பதைக் காட்டினார்.

"இது தேரிக்காட்டு டயர். மணலுக்கு நல்லது, முள்ளுக்கு நல்லது. ஈரத் தாருக்கு ஆகாது. இந்தக் கட்டை மட்டும்தான தரையைத் தொடுது, மத்த இடமெல்லாம் பள்ளம்லா. ரப்பரும் வெயில்ல வெந்து கல்லாப் போச்சு. முள்ளுக்குப் பயந்து காத்தையும் கூடுதலா அடிச்சு வச்சிருக்கீய. பிடிக்கணும்னா எதை வச்சுப் பிடிக்கும்?"

"அப்ப என் கை..." என்றார் குமரகுருபரன்.

"ஒங்க கைக்கு என்ன வந்தது?"

குமரகுருபரன் கடை ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். மூன்று தடவை விழுந்ததையும், பஸ்ஸில் சிங்கம்பட்டி போனதையும் சொன்னார். சொல்லி முடித்தபோது ஒரு பாரம் இறங்கினது போலத்தான் முதலில் இருந்தது. ஆனால் அது நிலைக்கவில்லை. கை போய்விட்டது, வயதாகிவிட்டது என்றால் அதற்கு யாரும் ஒன்றும் செய்ய முடியாது. டயரை மாற்ற முடியும். நான்கு மாதமாக அதன்மேல் உட்கார்ந்துகொண்டே, குனிந்து ஒரு தடவை பார்க்க அவருக்குத் தோன்றவில்லை. அவரே பொறுக்கி வாங்கிய டயர் என்பதால் அதைச் சந்தேகப்படவே இல்லை. அதை நினைத்தபோது கண் கலங்கிற்று. தாஜ் முகம்மது அதைப் பார்க்காதவர் போல உள்ளே போய் டயர்களை எடுத்து வந்தார்.

முன்னாலே போட நீளவாக்கில் கோடு கோடாக வெட்டியது ஒன்று. பின்னாலே போட நெருக்கமாக வெட்டுப் போட்ட, கொஞ்சம் மிருதுவான ரப்பர். இது சீக்கிரம் தேயும், ஒன்றரை வருடம் வந்தாலே பெரிது, முள்ளும் ஏறும், பஞ்சரைப் பற்றிக் குறை சொல்லிக்கொண்டு வரக்கூடாது என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார். மாட்டி முடித்துக் காற்றைக் குறைத்து வைத்துவிட்டு, புது டயர்மேல் மெழுகு மாதிரி ஒரு வழுவழுப்பு இருக்கும், நூறு கிலோமீட்டர் பைய ஓட்டி அதைத் தேய்த்த பிறகுதான் இதை நம்ப வேண்டும் என்றார்.

வண்டி விற்காமல் திரும்பி வந்ததைப் பார்த்துப் பிரம்மநாயகி வாசலுக்கு வந்தாள். டயரைப் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

டயர் மாறிவிட்டதே தவிர தோள் மாறவில்லை. நனைந்த ரோட்டில் வண்டி நேராகப் போய்க்கொண்டிருந்தது. அவர் மட்டும் விழப்போகிறவர் போல இறுகி உட்கார்ந்திருந்தார். தினம் காலையில் பாபநாசம் ரோட்டில் ஆள் நடமாட்டம் இல்லாத ஓர் இடத்துக்குப் போய், மெதுவாக ஓட்டிப் பிரேக் பிடித்துப் பார்த்தார். பத்து தடவை பிடித்தால் பத்து தடவையும் நின்றது. பதினோராவது தடவை நிற்காதோ என்று தோன்றியது. அசதியாக வீட்டுக்கு வருவார். ஒருநாள் புறப்படும்போது பிரம்மநாயகி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு பின்னால் ஏறி உட்கார்ந்தாள்.

"கோயிலுக்குப் போகணும். அப்படியே கூட்டிக்கிட்டுப் போங்க," என்றாள்.

மழை பெய்கிறதே என்றார். பெய்தால் என்ன என்றாள். பாபநாசம் வரை அவள் ஒரு கையால் அவருடைய தோளைப் பிடித்திருந்தாள். ஒவ்வொரு வளைவிலும் அந்தக் கை கொஞ்சம் இறுகி, பிறகு தளர்ந்தது. அவளுக்கும் பயம்தான் என்று அவருக்குத் தெரிந்தது. நிறுத்துங்கள் என்று அவள் சொல்லவில்லை, அவரும் நிறுத்தவில்லை.

கார்த்திகை கடைசியில் பிரம்மதேசத்திலிருந்து கொம்பையா என்கிற விவசாயி ஆள் அனுப்பினார். கன்று குறுக்கே கிடக்கிறது என்று செய்தி. நல்ல மழை. குமரகுருபரன் வண்டியை எடுத்தார். தான் முன்பு விழுந்த அதே ரோடு என்பது பாதி வழியில்தான் நினைவுக்கு வந்தது. நினைத்து முடிப்பதற்குள் வரப்பிலிருந்து ஓர் எருமை ரோட்டில் ஏறி நின்றது. பிரேக்கைப் பிடித்தார். டயர் தாரைக் கவ்விக்கொண்டு, எருமைக்கு ஒரு முழம் முன்னால் வண்டி நேராக நின்றது. எருமை தன்பாட்டுக்குக் கடந்து போயிற்று. சந்தோஷம் என்று ஒன்றும் வரவில்லை. கியரைப் போட்டுக்கொண்டு போனார்.

கொம்பையா வீட்டில் ஒரு மணி நேரம் கயிறு கட்டி இழுத்தார்கள். கிடாரிக் கன்று. மூக்கைத் துடைத்து விட்டதும் தும்மியது. கொம்பையா கருப்பட்டிக் காப்பி கொடுத்தார். அதைக் குடிக்கக்கூடக் கை தூக்க முடியாத அளவுக்கு அவருக்கு அசந்து போயிருந்தது.

ஓய்வுக்கு எழுதிக் கொடுக்கும் பேச்சை அவர் அப்புறம் எடுக்கவில்லை. மழைக் காலம் முடிவதற்குள் நான்கு பஞ்சர் ஆனது. வண்டியைத் தள்ளிக்கொண்டு கடை கடையாக நின்றார். தோள் எந்த நாளில் தளர்ந்தது என்று அவருக்கே தெரியாது.

தை மாதம் சிங்கம்பட்டியில் உலகம்மாள் வேறொரு மாடு வாங்கியிருந்தாள். சினை ஊசி போட அவரைத்தான் வரச் சொன்னாள். வேலை முடிந்து கை கழுவும்போது, மனத்தில் இருந்ததை அவர் சொல்லிவிட்டார்.

"அன்னைக்கு நான் வண்டியில வந்திருக்கணும் உலகம்மா. விழுந்தது என் கையால இல்ல. டயரு சரியில்ல. அதை நான் பாக்காம விட்டுட்டேன்."

உலகம்மாள் அவரை ஒரு நிமிடம் பார்த்தாள். பிறகு வண்டியின் டயரைப் பார்த்தாள்.

"அப்படியா," என்றாள். மாட்டைத் தட்டிக் கொடுத்துக்கொண்டே, "இது சினை நிக்குமா?" என்று கேட்டாள்.

மூன்று வாரம் கழித்து மாடு கத்துகிறதா என்று பார்க்கும்படி சொன்னார். கத்தவில்லை என்றால் நின்றுவிட்டது என்று அர்த்தம். அவள் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள். அவர் பையைக் கட்டிக்கொண்டு, அடுத்த தெருவில் சொல்லியிருந்த வீட்டுக்குப் போனார்.