சுவரைப் பார்த்த அட்டை

மாடிப்படிகளை இரண்டிரண்டாகத் தாவி ஏறினார் டெய்லர். ஆட்கள் வருவதற்குள் அந்த அட்டையை நேராக்கிவிட வேண்டும். வழக்கத்தைவிட அரை மணி முன்னதாகவே வந்துவிட்டார். ஆனாலும் மூச்சு இரைத்தது.

சாவியைக் கதவில் நுழைத்தவர் அப்படியே நின்றார்.

உள்ளே ஸ்பேனர்கள் உரசும் சத்தம்.

அது ஃபிட்டர் அண்ணனின் பைச் சத்தம். அந்தப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அண்ணன் படியேறினால் தெருமுனை வரை கேட்கும். ஆனால் அண்ணன் போய்ச் சேர்ந்து பத்து நாள் ஆகிவிட்டதே!

சைக்கிள் கடைக்கு மேலே, குடியை விட்டவர்கள் தினமும் காலையில் கூடும் ஒற்றை அறை அது. முப்பது மடக்கு நாற்காலி, ஒரு மேஜை, டீ கெட்டில். சுவர் முழுக்க ஆணியில் தொங்கும் அட்டைகள். ஒரு வருடம் குடிக்காமல் கடந்தவர், அடுத்து வருகிறவனுக்காக ஒரு வாசகத்தைத் தன் கையால் எழுதி மாட்ட வேண்டும். 'கவுத்தது பத்தாவது கிளாஸ் இல்ல, முதல் கிளாஸ்.' சலூன்காரர் எழுதியது: 'வாயை மூடு, காதைத் திற, போகும்போது நாற்காலியை மடக்கு.'

ஃபிட்டரின் அட்டை நடுவில் இருந்தது. 'கூப்பிட்டா போ. தனியாப் போகாதே.' தடுமாறுகிறவன் போன் செய்தால் இரண்டு பேராகத்தான் போக வேண்டும். பிடுங்கிய பாட்டிலோடு ஒருவர் தனியாகத் தெருவில் நடக்கக் கூடாது.

மறுபடி குடித்தவர் தானே வந்து தன் அட்டையைச் சுவர்ப் பக்கம் திருப்பிவிட வேண்டும். யாரும் திட்ட மாட்டார்கள். டீ கொடுத்து உட்காரவைப்பார்கள். அடுத்தவர் அட்டையை மட்டும் எவரும் தொடக்கூடாது.

பதினோரு வருடம் சொட்டுக்கூடத் தொடாத ஃபிட்டரின் அட்டை ஆறு நாளாகத் திரும்பித் திரும்பிக் கிடந்தது.

பஸ் ஸ்டாப் பெஞ்சில் உட்கார்ந்தபடியே மாரடைப்பில் போனவர். சாவி டெய்லரிடம் மட்டும்தான். ஜன்னலுக்குக் கம்பி உண்டு. காற்றாக இருக்கும் என்று முதல் நாள் நினைத்தார். மூன்றாம் நாள் அட்டையை ஆணியோடு கட்டுக்கம்பியால் இறுக்கினார். மறுநாள் அந்தக் கம்பி மேஜைமேல் வளையம் வளையமாகச் சுருட்டி வைத்திருந்தது. அண்ணன் அப்படித்தான் சுருட்டுவார்.

யாராவது பார்த்துவிட்டால், ஃபிட்டரே குடித்தாரா, எங்கே, யாரைப் பார்க்கப் போய் என்று கேள்வி கிளம்பும். அதுவும் இன்றைக்கா? எல்லோர் முன்னாலும் டெய்லர் எழுந்து நின்று, "அஞ்சு வருஷம் முடிச்சுட்டேன்" என்று சொல்ல வேண்டிய நாளாயிற்றே!

பல்லைக் கடித்துக்கொண்டு கதவைத் தள்ளினார்.

"யாரு?" என்று கேட்ட குரல் அவருக்கே வேறு யாருடையதோ போல இருந்தது.

"பயந்துட்டீங்களா தம்பி? நான்தான்."

நாற்காலிமேல் நின்றிருந்தார் ஃபிட்டரின் மனைவி. தோளில் அந்தப் பை. கையில் கம்பிச் சுருள்.

"அண்ணி! உசிரே போச்சு போங்க. சாவி ஏது உங்களுக்கு?"

"பையில இருந்துச்சு. உங்ககிட்ட பொறுப்பைக் குடுத்தாரு, பழைய சாவியைக் குடுக்கல. மறதிக்காரரு."

"எதுக்கு அண்ணி இந்த வேலை? செத்தவர் பேரைக் கெடுக்கலாமா?"

அண்ணி இறங்கினார். பைக்குள் கைவிட்டு ஒரு காலி பாட்டிலை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"இதுவும் பையிலதான் இருந்துச்சு. அன்னிக்கு அவர் வாயிலயும் இதே வாடை. அட்டையைத் திருப்ப அவரால வர முடியாது. அவருக்குப் பதிலா நான் வர்றேன். பொய்யை மாட்டி வெச்சா அந்த மனுஷன் என்னைத் தூங்க விடமாட்டாரு. சரி, நீங்க எதுக்குத் தினமும் நேராக்கறீங்க?"

டெய்லரின் பார்வை எங்கெங்கோ போனது. பாட்டில் பக்கம் மட்டும் போகவில்லை.

"அன்னிக்குச் சாயங்காலம் ஒரு போன் வந்துச்சு தம்பி. பாதிச் சாப்பாட்டுல கை கழுவினாரு. கூட யாரைக் கூட்டிட்டுப் போறீங்கன்னு கேட்டேன். 'இந்தத் தடவை யாரும் வேண்டாம், பாவம், கூச்சப்படறான்'னு சொல்லிட்டுப் போனாரு. அவன் யாருன்னு மட்டும் தெரியணும். சண்டைக்குப் போக மாட்டேன். கடைசியா அவர் முகத்தைப் பார்த்தவன் அவன்தானே?"

கீழே சைக்கிள் ஸ்டாண்டு போடும் சத்தம். சலூன்காரரின் குரல் படியேறி வந்தது. "டெய்லரே! அஞ்சு வருஷம் சும்மாவா? இன்னிக்கு டீயில சர்க்கரையைத் தாராளமாப் போடுய்யா!"

டெய்லர் நாற்காலிமேல் ஏறினார். அவர் கை ஃபிட்டரின் அட்டையைத் தாண்டிப் பக்கத்து ஆணிக்குப் போனது. அங்கே தொங்கியது அவருடைய சொந்த அட்டை. 'எதுவா இருந்தாலும் சொல்லிடு.' நாலு வருடத்துக்கு முன் அவர் எழுதியது. எழுத்துக்கு எழுத்து ஃபிட்டர் பக்கத்தில் நின்று பார்த்தது.

அதைச் சுவர்ப் பக்கம் திருப்பினார்.

படிகளில் செருப்புச் சத்தம் நெருங்கியது.

"நான்தான் அண்ணி. 'யாரையும் கூட்டிட்டு வராதீங்க, மானம் போயிடும்'னு நான்தான் கெஞ்சினேன்." நாற்காலியிலிருந்து இறங்கவில்லை அவர். "அண்ணன் வந்து அந்த பாட்டிலை வாங்கினப்போ, அதுல பாதிதான் இருந்துச்சு."