ஒன்று, சர்க்கரை இல்லாமல்

ஈரப் பஞ்சை என் நெற்றியில் வைத்து, அதன்மேல் ரப்பர் பட்டையை இழுத்து மாட்டினாள் ஆராய்ச்சிக்கூடத்துப் பெண். உப்புத் தண்ணீர் ஒரு சொட்டு புருவத்தில் இறங்கிக் கண்ணோரம் நின்றது. துடைக்கக் கையை உயர்த்தினேன். "அசையாதீங்க சார்," என்று அவளே துடைத்துவிட்டாள். நாற்பத்தொரு வருடம் மற்றவர்களின் மேசையைத் துடைத்தவன் நான். என்னை ஒருவர் துடைப்பது கூச்சமாக இருந்தது.

"லேசா எறும்பு ஊர்ற மாதிரி இருக்கும். இருபது நிமிஷந்தான்."

"நெஜமாவே கரண்ட் வருதாம்மா?"

"எனக்கே தெரியாது சார். பாதிப் பேருக்குக் கடைசி வரைக்கும் வரும். மீதிப் பேருக்கு மொதல்ல கொஞ்சம் வந்துட்டு நின்னுடும். யாருக்கு எதுன்னு ஆராய்ச்சி முடிஞ்சாத்தான் சொல்லுவாங்க."

எறும்பு ஊரத் தொடங்கியது. எதிரே திரையில் படங்கள் ஒவ்வொன்றாக வந்து போயின. குடை, சாவி, மீன், சாவி. இரண்டு படத்துக்கு முன்னால் வந்ததே மறுபடி வந்தால் பொத்தானை அழுத்த வேண்டும். அவ்வளவுதான். வயதானவர்களின் மூளைக்கு மின்சாரமும் பயிற்சியும் சேர்த்துக் கொடுத்தால் நினைவு கூடுமா என்று பார்க்கிறார்களாம். பத்து நாள்.

ஹோட்டலில் என் பெயர் கம்ப்யூட்டர். எட்டுப் பேர் உட்கார்ந்து எட்டு விதமாகக் கேட்டாலும் எழுதிக்கொள்ள மாட்டேன். நான் இங்கே வருவது தெரிந்ததும், "கம்ப்யூட்டருக்கே சர்வீஸா!" என்று மாஸ்டர் சிரித்தார். முதலாளி சிரிக்கவில்லை. "ரெண்டு வாரம் போய்ட்டு வாப்பா. அப்பவும் சரியா வரலன்னா பார்சல் கட்டுற எடத்துல உக்காந்துக்க," என்றார்.

அவர் சொன்னதில் தவறில்லை. ஒரு திங்கட்கிழமை நான் செய்த காரியம் அப்படி. ஜன்னலோர மேசைக்கு ஒரு கணவனும் மனைவியும் முப்பது வருடமாக வருவார்கள். அவருக்குச் சர்க்கரை தூக்கலாக ஒரு காபி, அந்த அம்மாவுக்குச் சர்க்கரை இல்லாமல் ஒன்று. அம்மா தவறிப்போன செய்தியை அவர் என்னிடம்தான் முதலில் சொன்னார். அடுத்த வாரம் தனியாக வந்து உட்கார்ந்தார். நான் இரண்டு காபி கொண்டுபோய் வைத்தேன். அவர் தன்னுடையதைக் குடித்தார். பிறகு எதிரே இருந்ததை மெதுவாகத் தன் பக்கம் இழுத்து, அதையும் குடித்தார். அதன்பின் அவர் வரும்போதெல்லாம் நான் சமையலறைப் பக்கம் போய்விடுவேன்.

முதல் நாலு நாளும் பாதிக்குப் பாதி தப்பு. வீட்டில் என் மனைவி வேறு, "எறும்பு ஊருது ஊருதுங்கறீங்களே, கடையில வாங்கச் சொன்னதுல ஒண்ணையாவது தூக்கிட்டு வந்துச்சா அந்த எறும்பு?" என்றாள். சொல்லிவிட்டு, நான் மறந்த சோப்பை வாங்க அவளே இறங்கிப் போனாள்.

ஐந்தாம் நாள் நான் மறுபடி தவறாக அழுத்தியதும் அந்தப் பெண் சொன்னாள்: "குடை வந்து மூணு படம் ஆச்சு சார். அத விட்டுடுங்க."

அன்று பேருந்தில் வீடுவரை அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். என்னுடையதை மறதி என்றே நம்பியிருந்தேன். மறந்திருந்தால் அந்தத் திங்கட்கிழமை வெறுங்கையோடு அல்லவா நின்றிருப்பேன்? வர வேண்டியது வராமல் இல்லை. போக வேண்டியது போகவில்லை. எச்சில் தட்டை எடுக்காமலே அடுத்த ஆளை உட்கார வைத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாளிலிருந்து ஒவ்வொரு படம் கடந்ததும் மனதுக்குள் ஒரு மேசையைத் துடைத்தேன். மதிப்பெண் ஏறியது. பத்தாம் நாள் அந்தப் பெண் கோட்டுப்படத்தைக் காட்டினாள். கோடு மாடிப்படி மாதிரி மேலே போயிருந்தது.

"கரண்டாம்மா, பயிற்சியா?"

"தெரியல சார். படத்துல நல்லா வந்துட்டீங்க. ஹோட்டல்ல எப்படின்னு நீங்கதான் சொல்லணும்."

திங்கட்கிழமை வேலைக்குத் திரும்பினேன். முதலாளி கொடுத்த குறிப்பேடு சட்டைப்பையில் இருந்தது. வாசலோர மேசையில் ஆறு பேர் கேட்டதை வாங்கிக்கொண்டு திரும்பினால், ஜன்னலோரம் அவர். இந்த முறை கால்கள் சமையலறைக்குப் போகவில்லை.

"அன்னைக்கு நான்..." என்றேன். அவர் எதிரே காலியாக இருந்த நாற்காலியைக் காட்டினார்.

"முப்பது வருஷம் அவ குடிக்கிறதப் பாத்திருக்கேன்," என்றார். "அன்னைக்குத்தான் குடிச்சே பாத்தேன். என்னா கசப்பு! எப்படித்தான் குடிச்சாளோ." அவர் தோள் குலுங்கியது. சிரிப்புதான் என்று தெரிய எனக்குச் சற்று நேரமானது.

"இன்னைக்கு என்ன சார்?"

"ஒண்ணு போதும். ஆனா அவளோடது."

குறிப்பேட்டைத் தொடாமல் நடந்தேன். வாசல் மேசையின் ஆறையும் மாஸ்டரிடம் ஒப்பித்தேன்.

"ஜன்னலுக்கு ஒரு காபி."

மாஸ்டருக்கும் பழக்கம்தானே, சர்க்கரை டப்பாவுக்குள் கரண்டியை விட்டு வாரினார்.

"வேணாம் மாஸ்டர். சர்க்கரை இல்லாம."

"கம்ப்யூட்டர், அவருக்குத் தூக்கலா இல்ல போடணும்?"

"அது பழசு."

சர்க்கரை டப்பாவுக்குள்ளேயே சரிந்து விழுந்தது.

காபியோடு திரும்பியபோது அவர் இடம் மாறி, அந்த அம்மாவின் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். என் கை எப்போதும் சர்க்கரை இல்லாத காபியை வைக்கும் அதே பக்கம். வைத்தேன்.