சம்பளம் வாங்காத ஆயா

1961 ஜூனில் ரம்லத் பீவிக்கு டீச்சர் வேலைக்கான உத்தரவு வந்தது. மகன் ஷேக் பரீதுக்கு அப்போது பதினாலு மாதம். கணவன் யாக்கூப் பினாங்கில் ஒரு கடையில் சிப்பந்தி. ஜெகதாப்பட்டினத்தில் அவர்கள் தெருவிலிருந்து வேலைக்குப் போகும் முதல் பெண் அவள்தான். பகலில் பிள்ளையை யாரிடம் விடுவது என்று மண்டையை உடைத்துக்கொண்டாள்.

வழி இரண்டு இருந்தது. ஒன்று, ஊரில் புதிதாகத் திறந்திருந்த பால்வாடி. அங்கே அடைக்கலமேரி என்கிற ஒரே ஆயாவிடம் இருபத்தைந்து பிள்ளைகள். மற்றது, மூன்று வீடு தள்ளியிருந்த யாக்கூபின் தங்கை நூர்நிஷா. அவளுக்கும் ஆறு மாதத்தில் ஒரு மகள். இவனையும் சேர்த்துப் பார்த்துக்கொள்கிறேன் என்று அவளாகவே வந்து கேட்டாள். மாதம் பத்து ரூபாய் தருகிறேன் என்றதும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அண்ணன் பிள்ளையைத் தூக்கக் கூலியா என்றாள்.

அங்கேதான் ரம்லத்துக்கு உதைத்தது. காசு வாங்காதவள் பிற்பாடு வேறு ஏதாவது கேட்பாள். மாமி மகள், அதாவது அத்தை மகள், இருக்க வெளியில் பெண் எடுத்தவன் அந்தத் தெருவில் கிடையாது. இருபது வருஷம் கழித்து, நான் வளர்த்த பையன், என் மகளுக்குத்தான் என்று இவள் வந்து நின்றால் எந்த முகத்தை வைத்துக்கொண்டு மறுப்பது? மகன் காலேஜ் படிக்க வேண்டும், தனக்குப் பிடித்த இடத்தில் பெண் கட்ட வேண்டும் என்று ரம்லத் மனக்கோட்டை கட்டியிருந்தாள். ஒழுங்காக நடக்கக்கூடத் தெரியாத பயலுக்குக் கல்யாணக் கவலை.

பால்வாடிதான் என்று முடிவானது. பயல் அங்கே ஒன்பது நாள் அழுதான். பால்பவுடர் கஞ்சியைத் துப்பினான். அடைக்கலமேரி, பாவம், அவனை மடியிலேயே வைத்துப் பார்த்தாள். பத்தாம் நாள் காய்ச்சல் வந்ததும், கொஞ்ச நாள் வீட்டில் வைத்திருங்கள் டீச்சர் என்று சொல்லிவிட்டாள்.

வேறு போக்கில்லாமல் ரம்லத் அவனை நூர்நிஷாவிடம் கொண்டுபோய் விட்டாள். விட்டவள் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். உடம்பு தேறும் வரைக்கும்தான், அப்புறம் பால்வாடிக்கே அனுப்பிவிடுவேன், இல்லாவிட்டால் நாளைக்குச் சம்பந்தம் பேச வந்து நிற்பாள் என்று எதிர்வீட்டு ஹவ்வா உம்மாளிடம் சொல்லிவைத்தாள். அது நூர்நிஷா காதுக்குப் போய்ச் சேர அரைநாள் பிடித்தது.

மறுவாரம் ஒரு சாயங்காலம் ரம்லத் பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளையைத் தூக்கப் போனாள். நூர்நிஷா மாராப்பைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்தாள். மடியில் பயல், வாயோரம் பால் வழிய, கண் சொருகிக் கிடந்தான்.

"மதினி, இவனுக்கு நான் பால் குடுத்துட்டேன். இன்னையோட அஞ்சு தடவை, வயிறு நெறைய. எண்ணித்தான் குடுத்தேன்."

ரம்லத்துக்கு மார்க்கச் சட்டம் தெரியும். இரண்டு வயதுக்குள் ஒரு பிள்ளை ஐந்து முறை வயிறாரக் குடித்துவிட்டால் கொடுத்தவள் அவனுக்குத் தாய், அவள் பெற்றதெல்லாம் உடன்பிறப்பு. அதற்குப் பிறகு யார் நினைத்தாலும் அவர்களுக்குள் நிக்காஹ் கிடையாது.

"இனிமே எம்மக அவனுக்குத் தங்கச்சி. ஒங்களுக்குப் பயமில்லை. எனக்கு அந்த ஆசை இருந்துச்சு மதினி, இல்லைன்னு பொய் சொல்லமாட்டேன். ஆனா அதுக்காகத்தான் புள்ளையத் தூக்குறேன்னு நெனச்சீங்கள்ல, அதைத்தான் தாங்க முடியலை."

ரம்லத்துக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. இத்தனை நாள் அவள் வேண்டியது இதுதான். கிடைத்ததும் எதையோ பறிகொடுத்தமாதிரி இருந்தது. பிள்ளையை வாங்கக் கையை நீட்டினாள்.

நூர்நிஷா கொடுக்கவில்லை.

"தூங்குறான்ல, இருக்கட்டும். முழிச்சதும் நானே கொண்டாந்து விடுறேன். எனக்கும் மகன்தான்."

ரம்லத் நீட்டிய கையை மடக்கிக்கொண்டு அவள் பக்கத்திலேயே உட்கார்ந்தாள்.