ஹெர்ரிங் மெட்டு

ஹெஸ்டர் டெல்ஃப்ட் நகரத்து ரொட்டிக்கடைக்காரரின் மகள். ஹேக் இசைக்கல்லூரியில் பியானோவுக்குத்தான் சேர்ந்தாள். ஒருநாள் அறை மாறி, ஹார்ப்சிகார்ட் இருந்த வகுப்பில் போய் உட்கார்ந்துவிட்டாள். பார்க்கப் பியானோவின் ஒல்லியான தங்கை மாதிரி இருந்தது. கட்டையை அழுத்தினால் உள்ளே ஒரு சின்ன முள் தந்தியைச் சுண்டியது. ஓங்கி அடித்தாலும் சத்தம் கூடவில்லை. முரட்டுத்தனம் இதனிடம் பலிக்காது என்று தெரிந்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த வாரமே பியானோவை விட்டாள்.

"இத வாசிச்சா யாரு வேல குடுப்பா?" என்றார் அப்பா.

"உங்க ரொட்டிய விட நல்லா விலை போகும், பாருங்கப்பா."

படித்த வருடங்களில் அவள் அதிகம் உழைத்தது ஒன்றுக்குத்தான்: தாளில் இடது கைக்கு மட்டும் சுரம் இருக்கும், வலது கைக்கானதை அந்த நொடியில் அவளே கற்பனை செய்து வாசிக்க வேண்டும். அது கைவந்ததும் வேலைக்குப் பஞ்சமில்லை. கருவியை வேனில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போனாள். எப்போதும் பாடகர்களுக்குப் பின்னால்தான். அவளுக்கு அதில் குறையும் இல்லை.

ஒரு ஜூன் மாதம் ஸ்னேக் ஊர்த் தேவாலயத்தில் பகல் கச்சேரி. புயல்காற்றில் தண்டவாளத்தின் மேல் மரம் சாய்ந்து, பாட வேண்டிய கொர்னேலியா ரயிலில் மாட்டிக்கொண்டாள். குழுவை நடத்தும் வவுட்டர் ஓடிவந்தார்.

"ஹெஸ்டர், எதையாவது வாசிச்சுச் சமாளியேன்!"

"தனியாவா? வெளையாடாதீங்க."

"ஜனங்க எந்திரிக்க ஆரம்பிச்சுட்டாங்க, பாரு!"

உட்கார்ந்தாள். ஒன்றுமே ஞாபகம் வரவில்லை. கூட்டத்தைத் திரும்பிப் பார்த்து, "யாராவது ஒரு மெட்டு குடுங்களேன்" என்றாள்.

மூன்றாம் வரிசையில் ஒரு தடித்த மனிதர், சந்தையில் ஹெர்ரிங் மீன் விற்கிறவர், எழுந்தார். "எனக்குத் தெரிஞ்சது ஒண்ணுதாம்மா" என்றவர், தொண்டை கிழியக் கூவினார்: "ஹெர்ரிங் வந்தாச்சேய்!"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. ஹெஸ்டர் அந்தக் கூவலை ஒரே விரலால் வாசித்தாள். பிறகு சாவு வீட்டுக்குரிய நிதானத்தில் வாசித்தாள். இடது கை அதைப் பிடித்துக்கொண்டு ஓட, வலது கை துரத்தியது. கூவல் நடனமாயிற்று, சண்டையாயிற்று, கொஞ்சலாயிற்று.

அப்போது வாசலிலிருந்து உச்சஸ்தாயியில் ஒரு குரல், "ஹெர்ரிங் வந்தாச்சேய்!" என்றது. கொர்னேலியா! சொட்டச் சொட்ட நனைந்து, செருப்பைக் கையில் பிடித்தபடி நின்றாள். அடுத்த முறை தேவாலயமே சேர்ந்து பாடியது. வவுட்டர் கூட்டத்தை அடக்கக் கையை ஆட்டி ஆட்டிப் பார்த்துவிட்டு, தோற்றுப்போய் உட்கார்ந்து அவரும் பாடினார்.

கச்சேரி முடிந்ததும் மீன்காரர் வந்தார்.

"நான் கூவுனா எம் பொண்டாட்டி காதப் பொத்திக்குவா. நீ வாசிச்சதும் அழுதுட்டாம்மா."

"சந்தோஷத்துலதானே?"

"கேக்கப் பயமா இருக்கு!"

செய்தி உட்ரெக்ட் வரை போய்விட்டது. இலையுதிர் காலத்தில் அங்கே அவளைத் தனியாக வாசிக்கக் கூப்பிட்டார்கள். முதல் முறையாக மேடை நடுவில் அவள் மட்டும். தயார் செய்து வந்ததையெல்லாம் வாசித்து முடித்துவிட்டு, "இப்ப உங்க மெட்டு" என்றாள். அரங்கம் முழுக்கக் கைகள் உயர்ந்தன.

"நான்தான் மொதல்ல தூக்குனேன்!" என்றார், ஸ்னேக்கிலிருந்து வந்திருந்த மீன்காரர்.

"உன் மெட்ட ஊரே கேட்டாச்சு, உக்காருய்யா!"

அவர்கள் சண்டை போட்டு முடிக்கட்டும் என்று, ஹெஸ்டர் சிரித்துக்கொண்டே காத்திருந்தாள்.