இருப்பது ஒரே சாவி

பள்ளிக்கூட வாசலில் இரும்புக் கேட் பொருந்தி நின்றபோது மணி ஐந்தரை. மூன்று வாரமாக உயிரை வாங்கிய கேட், ஒற்றை விரலால் தள்ளியதும் முனகாமல் திறந்தது. பட்டறை ஆட்கள் போட்ட கூச்சலில், கேட்டைச் செய்த வெல்டரை அவன் மச்சான் அப்படியே தோளில் தூக்கிவிட்டான்.

"மாப்ள, இதைக் கொண்டாடலன்னா அந்தக் கேட்டே நம்மளைத் திட்டும். வா, ஒரே ஒரு கிளாஸ்."

"வேண்டாம் மச்சான். விட்டு இன்னிக்குத் தொண்ணூறாவது நாள்."

"அதையும் சேர்த்துக் கொண்டாடிடலாம்!"

எல்லோரும் சிரித்தார்கள். வெல்டரும் சிரித்தான். நாக்கில் எச்சில் ஊறியது. கால் அவனைக் கேட்காமலே மதுக்கடைப் பக்கம் இரண்டடி வைத்துவிட்டது. வியர்வை துடைக்கக் கைக்குட்டையை எடுக்கப் போனபோதுதான், சட்டைப்பையில் இருந்த சாவி விரலில் குத்தியது.

குடியையும் மற்றப் பழக்கங்களையும் விட்டவர்கள் வாராவாரம் கூடிப் பேசும் மாடி அறையின் சாவி. போன வாரம் நர்ஸம்மா கொடுத்தது. தூக்க மாத்திரையிலிருந்து மீண்டு பதினோரு வருடம் ஆனவர் அவர். "இருக்கிறது ஒரே சாவி தம்பி. ஆறு மணிக்கு நீங்க வந்தாத்தான் எங்களுக்குக் கதவு" என்றிருந்தார்.

"ஐயோ, சாவி என்கிட்ட மச்சான்! எல்லாரும் வாசல்ல நிப்பாங்க!"

"யாருகிட்ட கதை விடுற?"

அதற்குள் பைக்கில் ஏறி, வெல்டர் தெருமுனையைத் தாண்டியிருந்தான். கடவுளை அவன் அதிகம் தொந்தரவு செய்பவன் அல்ல. அன்று ஒவ்வொரு சிக்னலிலும் கூப்பிட்டான். கூப்பிட்ட குரலுக்குப் பச்சை விழுந்தது.

மாடிப்படி முழுக்க ஆட்கள். "வந்துட்டாருய்யா நம்ம வாட்ச்மேன்!" என்று கை தட்டினார் பஸ் டிரைவர். மணி ஆறு அடிக்க ஒரு நிமிடம்.

உள்ளே உட்கார்ந்ததும், ஊறிய எச்சிலையும் வைத்த இரண்டடியையும் அவன் மறைக்காமல் சொன்னான். யாரும் முகம் சுளிக்கவில்லை.

"ரெண்டடிதானே? நான் போன மாசம் கடைப்படி ஏறி, எட்டிப் பார்த்துட்டு வந்தவன்" என்றார் டிரைவர். வெல்டரின் நெஞ்சிலிருந்து ஒரு மூட்டை இறங்கியது.

கலையும் நேரம், நர்ஸம்மா கண்ணாடியைத் தேடிக் கைப்பையைக் கவிழ்த்தார். கண்ணாடியோடு ஒரு சாவியும் விழுந்தது. அச்சு அசல் அதே சாவி.

"நர்ஸம்மா! ஒண்ணுதான் இருக்குன்னீங்க!"

"மெதுவாப் பேசுங்க தம்பி" என்று அவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். "உங்களுக்கு முன்னாடி சாவி வெச்சிருந்த டிரைவருக்கு இது தெரிஞ்சப்போ மூணு நாள் என்கிட்ட பேசல."

"அப்ப என்னை எதுக்கு அப்படி ஓட விட்டீங்க?"

"கதவு திறக்க எத்தனை சாவி வேணும்னாலும் செய்யலாம். ஆனா நீங்க ஒருத்தர்தானே இருக்கீங்க?"

வெல்டருக்குக் கோபம் வரவேண்டிய இடத்தில் சிரிப்பு பொங்கிக்கொண்டு வந்தது. கண்ணும் நிறைந்தது. குனிந்து அந்தச் சாவியை எடுத்து அவர் பையின் அடியில் ஒளித்து வைத்தான்.

கடைசி நாற்காலியில், அன்றுதான் முதல்முறை வந்த தையல்காரர் எழுந்து போகத் தவித்துக்கொண்டிருந்தார். வெல்டர் தன் சாவியை அவர் கையில் வைத்து விரல்களை மூடினான்.

"அண்ணே, அடுத்த வாரம் ஆறு மணி. பத்திரம், இருக்கிறது ஒரே சாவி."